சத்தமில்லாத ஏழு மணிச் செய்தி

அக்டோபர் 6, திங்கள்

இதில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த டைரி என்னுடையது இல்லை. சாயப் பவுடர் கடைக்காரர் புத்தாண்டுக்கு எங்கள் முதலாளிக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஸ்டூடியோ மேசையின் ஆடும் காலுக்கு அண்டக்கொடுத்துக் கிடந்தது. இன்று ஆசாரி வந்து மேசைக்காலைச் சரிசெய்துவிட்டார். டைரியைக் குப்பையில் போடச் சொன்னார்கள். இவ்வளவு வெள்ளைத்தாளை எறிய மனசு வரவில்லை. எழுதுகிற அளவுக்கு என்னிடம் விஷயம் ஒன்றும் இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவளுக்கு எழுத்தாவது வருகிறதா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் வைரம் டி.வி. என்ற லோக்கல் கேபிள் சேனலில் வேலை செய்கிறேன். உரக்கடை மாடியில் இரண்டு அறை. முதலாளி சவுந்தரபாண்டியன், எல்லோருக்கும் அண்ணாச்சி. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை நான் அடிக்கிறேன். செய்தி வாசிக்கும் பிரவீண் அண்ணனின் கோட்டுக்கு இஸ்திரி போடுகிறேன். சட்டையில் குத்தும் மைக்கைச் சோதித்து, பேட்டரி தீராமல் உடனே அணைத்துவைக்கிறேன். அவர் உட்கார்ந்ததும் தானே பொத்தானைப் போட்டுக்கொள்வார். பேட்டரி வீணானால் அண்ணாச்சிக்குப் பொறுக்காது.

பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான்.

இன்று அண்ணாச்சி ஒரு குண்டைப் போட்டார். ஏழு மணிச் செய்தியை யாரும் பார்ப்பதில்லையாம். ஒரு போன்கூட வருவதில்லையாம். தீபாவளியோடு நிறுத்திவிட்டு அந்த நேரத்தை ராசிக்கல் விற்பவருக்குக் கொடுத்துவிடப்போகிறார். அதற்குள் நாலு பேர் போன் பண்ணிப் பேசினால் யோசிப்பாராம்.

அக்டோபர் 7, செவ்வாய்

பிரவீண் அண்ணன் செய்தியைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். திரையை ஆறு கட்டமாகப் பிரித்துவிட்டார். ஒன்றில் அவர். மற்ற ஐந்தில் நெருப்பு, சுழலும் பூமி, கல்யாண மண்டப விளம்பரம், இன்னும் என்னென்னவோ. பின்னால் உடுக்கையும் இடியும். மேலே ஒரு வரி, கீழே இரண்டு வரி ஓடுகிறது. பேருந்து நிலையத்தில் மாடு புகுந்ததை, எதிரி நாடு புகுந்தது மாதிரிக் கத்தினார்.

வீட்டில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாளாம். பாதியிலேயே அணைத்துவிட்டாள்.

அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, எழுத்தும் தெரியாது. பேர் சண்முகத்தாய். பதினாறு வயதிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறாள். தறிக் கொட்டகையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தறி ஓடும்போது அங்கே யாருக்குமே காது கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் பேசுவார்கள். சண்டை, சம்பந்தம், கிண்டல் எல்லாம் கையில்தான். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு நடக்க வருவதற்கு முன்பே அந்தக் கைப்பேச்சு வந்துவிடும். கொட்டகையை விட்டு வெளியே வந்தாலும் அரைமணி நேரம் கையால்தான் பேசுவார்கள். அதில் அம்மாதான் கெட்டிக்காரி.

அதில் ‘செய்தி’ என்பதற்கு வலது காதுக்குப் பின்னால் விரலால் தொட வேண்டும். ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் டி.வி.யில் செய்தி வாசித்த ஒரு அம்மா அந்த இடத்தில் ரோஜாப்பூ வைத்திருப்பாராம். பின்னால் வெறும் திரைச்சீலை. திரை முழுக்க ஒரே முகம். நிதானமாக, நம்மைப் பார்த்து வாசிப்பார். உதடு பளிச்சென்று தெரியும். முழுச் செய்தியும் அம்மாவுக்குப் புரிந்துவிடும். மறுநாள் கொட்டகையில் அவள்தான் எல்லோருக்கும் சொல்வாள். டெல்லியில் யார் ஆட்சி கவிழ்ந்தது என்பதை எங்கள் தெருவுக்குச் சொன்னதே காது கேட்காத என் அம்மாதான்.

இப்போது ஆறு கட்டத்தில் உதடு எறும்பு அளவு. அதையும் பிரவீண் அண்ணன் கை மறைக்கிறது.

ஒரே ஒரு நாள், நான் இடையில் நின்று சொல்லாமல், அம்மாவுக்குத் தானாகப் புரிகிற ஒரு செய்தி வர வேண்டும். அதற்குமேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. அதற்குள் தீபாவளி வந்துவிடும் போலிருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

கேமரா, ஒலி, ஒளி மூன்றுக்கும் எங்கள் சேனலில் பீர் முகமது பாய் ஒருத்தர்தான். இன்று பீரோவைத் துடைக்கும்போது பழைய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். இரண்டு பச்சைக்கிளி, நடுவில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. சேனல் தொடங்கிய காலத்தில் சினிமா பேனர் வரைகிறவர் வரைந்தது. ஏதாவது பழுது என்றால் இதை கேமரா முன்னால் தூக்கிப் பிடித்துவிட்டுப் போய்ச் சரிசெய்வாராம். ஊரே பொறுமையாகக் கிளியைப் பார்த்துக்கொண்டிருக்குமாம்.

“இப்ப தப்பு நடந்தா வருந்துறதுக்கு யாருக்கு நேரமிருக்கு? அதுக்கு மேல ரெண்டு இடியப் போட்டு மூடிர்றாங்க” என்றார்.

மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் நாலு நாளாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. அட்டை எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்று கேமரா பக்கத்திலேயே சாத்திவைத்தார்.

அக்டோபர் 9, வியாழன்

கோட்டு பட்டன் தைத்தேன். போன் எதுவும் வரவில்லை. ராசிக்கல்காரர் வந்து ஸ்டூடியோவை அளந்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 12, ஞாயிறு

தறி லீவு. மாவு ஆட்டினேன். போர்வைகளைத் துவைத்தேன். அம்மாவுக்குப் பேப்பரைச் சத்தமில்லாமல் வாசித்துக் காட்டினேன். நான் வேகமாக வாயசைத்தால் தொடையில் ஒரு தட்டு விழும். அவளுக்கு வாசித்து வாசித்தே எனக்கு நிதானம் வந்துவிட்டது. கல்லூரியில் இதைத்தான் திக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு பீரோ கண்ணாடி முன்னால் அதே பக்கத்தை ஒருமுறை வாசித்தேன். கண்ணாடியைத் துடைக்கத்தான் போனேன். பேப்பர் கையில் இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

பிரவீண் அண்ணனுக்குத் தொண்டை போய்விட்டது. எண்ணெய்க்கடைத் திறப்பு விழாவுக்குக் கத்திய கத்தலில் பாதியில் குரல் வாத்து மாதிரி ஆகி, கடைசியில் காற்றுதான் வந்தது. டாக்டர் நாலு நாள் வாயைத் திறக்கக்கூடாது என்றுவிட்டார்.

நாளைக்கு யார் வாசிப்பது என்ற பேச்சு வந்தபோது நான் டீ வாங்கப் போயிருந்தேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து முடித்திருந்தேன். இருந்தாலும் இன்னொரு தடவை போயிருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுத்து கோணலாக இருந்தால், வந்ததும் வராததுமாக எழுதுவதுதான் காரணம்.

அண்ணாச்சி தீபாவளி விளம்பரம் பிடிக்க மதுரைக்குப் போயிருந்தார். இன்றைக்குச் செய்தி வேண்டாம், பக்திப் பாட்டுப் போடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். ஆனால் ஆறு மணிக்கு நகராட்சியிலிருந்து தகவல் வந்தது. மெயின் குழாய் உடைந்திருக்கிறது. தறித் தெருக்களுக்கு வழக்கமான தண்ணீர் முறை இல்லை. நாளை விடியற்காலை ஒரே தடவை தண்ணீர் வரும். விட்டால் தீபாவளி கழிந்துதான்.

கீழே ஓடும் எழுத்தாக அடித்துவிடுகிறேன் என்று பீர் பாயிடம் சொன்னேன்.

“ஸ்க்ரோல யாரு படிக்கா? ஒங்கம்மா படிக்காகளா?” என்றார் பாய்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

“அப்ப நீ ஒக்காரு.”

ஆறு கட்டம் போடும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு பிரவீண் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். போன் பண்ணினோம். பேச முடியாதவர் எப்படி எடுப்பார்? அதனால் கட்டமும் இல்லை, இடியும் இல்லை. பின்னால் நீலத்துணி மட்டும். நான் இன்று ஊதாச் சேலை கட்டியிருந்தேன். மற்றதெல்லாம் காயவில்லை. பூ வைத்ததும் தற்செயல்தான்.

மைக்கைக் குத்தினேன். ஒன்று இரண்டு மூன்று சொல்லிச் சோதித்தேன். தினமும் செய்வதை எல்லாம் செய்தேன். உட்கார்ந்தேன். பாய் கையைக் காட்டினார்.

வணக்கம் சொல்லி இரண்டு வரி வாசித்திருப்பேன். பாய் ஹெட்போனைக் கழற்றினார். மிக்ஸரை ஒரு தட்டு தட்டினார். மறுபடி மாட்டினார். முகம் மாறிவிட்டது. மிக்ஸர் செத்துவிட்டது, சத்தம் போகவில்லை என்று புரிந்தது. அவர் கை கிளி அட்டையைத் தேடியது.

எனக்கு அந்த நிமிடத்தில் பெரிய யோசனை ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், இப்போது அவள் முன்னால் கிளி வந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. தாளைக் கீழே வைத்தேன். வலது காதுக்குப் பின்னால் தொட்டேன்.

செய்தி.

அப்புறம் உதட்டை நன்றாகத் திறந்து, நிதானமாக, கைகளாலும் சேர்த்துச் சொன்னேன். முழங்கையை நீட்டிக் குழாய். அதை உடைத்தேன். இரண்டு விரலை ஊடும் பாவுமாக ஓட்டித் தறித் தெரு. தலையில் கொண்டை வைத்துச் சேவல். எங்கள் கைப்பேச்சில் விடியற்காலை. இடுப்பில் குடம். ஒரு விரல்: ஒரே தடவை. பிறகு இரண்டு கையாலும் மத்தாப்பு: தீபாவளி. அதற்கு அந்தப் பக்கம்தான் அடுத்த குடம். மூன்று தடவை சொன்னேன். அடுத்து மின்தடை, கண் சிகிச்சை முகாம், மாடு. மாட்டுக்குக் கொம்பு வைத்தபோது பாய் சிரித்துவிட்டார். அட்டை அவர் கையில்தான் இருந்தது. கேமரா பக்கம் கொண்டுபோகவில்லை.

முடிந்ததும் எழுந்து நேரே படி இறங்கி வந்துவிட்டேன். பாய் கூப்பிட்டது கேட்டது. கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

தெரு முனையிலேயே தெரிந்தது. எங்கள் வாசலில் குடங்கள் வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டு வாசலில், எதிர் வீட்டில், தெரு முடிகிற வரைக்கும் எல்லோர் வாசலிலும் குடங்கள். அம்மா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் ஈரக்கையோடு எனக்குச் சொன்னாள். காதுக்குப் பின்னால் தொட்டாள். குழாயை உடைத்தாள். சேவலைக் காட்டினாள். குடத்தைக் காட்டினாள். எனக்குத் தெரியாதது மாதிரி எனக்கே முழுசாகச் சொன்னாள்.

நான் சொல்லாமல் அம்மாவுக்குத் தெரிந்த செய்தி. நான் சொன்னதுதான் என்றாலும்.

பிறகு திட்டும் விழுந்தது. இடது கையை மேசைக்குக் கீழே கொண்டுபோகிறேனாம். பாதி தண்ணீர் அங்கேயே கொட்டிவிட்டதாம்.

அக்டோபர் 15, புதன்

தண்ணீர் வந்தது. தறித் தெருக்களில் ஒரு குடம்கூடக் காலியாக இல்லை.

அண்ணாச்சி காலையிலேயே வந்துவிட்டார். மதுரையில் இருந்தவருக்கு யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். நான் கதவோரம் நின்றேன். என்னைப் பார்த்து, ஊமைப்படம் ஓட்டவா லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கேட்டார். பாய் மிக்ஸர் மேல் பழி போட்டார். அண்ணாச்சி மிக்ஸரைப் போட்டுப் பார்த்தார். ஓடியது. மேசைமேல் கிடந்த மைக்கை எடுத்துப் புரட்டினார். பொத்தான் அணைந்திருந்தது.

பேட்டரி தீரக்கூடாது என்று பழகிய கை. சோதித்தவுடன் தானாக அணைத்திருக்கிறது. வழக்கமாகப் போட்டுக்கொள்கிற ஆள் நேற்று இல்லை.

வேலை போனது என்று நினைத்தேன். அப்போதுதான் போன் அடித்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. சத்தம் வராததால் டி.வி.யைத் தட்டித் தட்டி உடைத்துவிட்டதாக ஒருத்தர் திட்டினார். மெக்கானிக்கைக் கூட்டிவந்த செலவை யார் தருவது என்று ஒருத்தர். மற்றதெல்லாம் தறித் தெருக்கள். ஒரு அம்மாவின் குரலை அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“தறிய நிப்பாட்டாம நியூஸ் பாத்தது இதான் மொதத் தடவ. அந்தப் பிள்ளையவே போடுங்க. இன்னைக்கும் சத்தம் போட்றாதீக.”

வாட்ஸ்ஆப்பில் வீடியோக்கள் வந்தபடி இருந்தன. நான் பார்த்தே இராத பெண்கள், ஆண்கள், யூனிஃபார்ம் போட்ட ஒரு பிள்ளை. வாய் திறக்காமல் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டிவிட்டுச் சிரித்தார்கள். காது கேட்காதவர்கள் எங்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. அவர்கள் எங்களுக்குப் போன் பண்ணாததால் இல்லை என்று நினைத்திருந்தோம்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இத்தன வருசமா சத்தத்துக்குல்ல கரண்டு பில்லு கட்டிருக்கேன்” என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்று நாளாக நான்தான் வாசித்தேன். மைக் போட்டேன். குரலும் வந்தது. கையும் சேர்த்துத்தான் சொன்னேன். கை ஓடும்போது குரல் பயப்படுவதில்லை என்பது புதிதாகத் தெரிந்தது.

ஜவுளிக்கடைக்காரர் ஏழு மணிக்குத்தான் விளம்பரம் வேண்டும் என்று வந்து நின்றார். ராசிக்கல்காரருக்கு அண்ணாச்சி காலை ஐந்தரை மணியைக் கொடுத்துவிட்டார். கிரகத்துக்கு அதுதான் நல்ல நேரம் என்று அவரிடம் சொன்னாராம்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். என்னிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. இடி வேண்டாம் என்றேன். சரி என்றார். கட்டங்கள் வேண்டாம் என்றேன். தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். செய்தி முடிகிற வரை கீழே விளம்பர வரி ஓடக்கூடாது என்றேன். அதற்குக் கொஞ்சம் வலித்தது. அதற்கும் சரி என்றார். தப்பு நடந்தால் கிளி அட்டை போட வேண்டும் என்றேன். பாய் கை தட்டினார்.

“வேற?”

வேறு ஒன்று இருந்தது. வாய் வரை வந்தது.

“இல்ல அண்ணாச்சி” என்றேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பிரவீண் அண்ணன் இனிப்போடு வீட்டுக்கு வந்தார். குரல் திரும்பிவிட்டது.

“மைக்க அமத்தியே பேரு வாங்குன ஒரே ஆளு நீதான்” என்றார். நான் பயந்தேன். அவர் சிரித்தார். உட்கார்ந்து வாசித்தால் முதுகு பிடிக்கிறதாம். இனி வெளியே போய்ச் செய்தி பிடித்துக்கொண்டு வருகிறாராம். பேருந்து நிலையத்தில் கத்தினால்தான் கேட்கும், அங்கே நான்தான் ராஜா என்றார். அவர் சொன்னதை அம்மாவுக்குக் கையால் சொன்னேன். அம்மா அவர் தொண்டையைக் காட்டி, மிளகுப் பால் குடிக்கச் சொன்னாள்.

மத்தியானம் தெருப் பெண்கள் வாசலில் கூடினார்கள். அம்மா நேற்றைய செய்தியை அவர்களுக்குத் திரும்பச் சொன்னாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நகராட்சித் தலைவர் குழாயைத் திறந்துவைத்த செய்தி. நான் ஒரு வரியில் முடித்திருந்தேன். அம்மா அவருக்குத் தொப்பை வைத்தாள், தோளில் துண்டு போட்டாள், குழாயைத் திருகிவிட்டுப் போட்டோவுக்குச் சிரிக்க வைத்தாள். தண்ணீர் வராததும் அவர் முகம் போன போக்கைக் காட்டியபோது தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

நான் செய்தியைச் சொல்கிறேன். அம்மா அதை நடத்திக் காட்டுகிறாள்.

அக்டோபர் 22, புதன்

ஒரு விஷயம் அம்மாவிடம் கேட்டேன். உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அவளுடைய பச்சைப் பட்டுச்சேலை கொடியில் தொங்குகிறது. பூச்சி அரித்துவிடும் என்று காற்றாடப் போட்டாளாம். மழைக்காலத்தில்.

அக்டோபர் 25, சனி

நாளை ஞாயிற்றுக்கிழமை. தறி லீவு. எதற்காக இதை முதலில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செய்தி முடிந்ததும் அண்ணாச்சி கூப்பிட்டார். பாயும் பிரவீண் அண்ணனும் இருந்தார்கள். போன வாரம் முழுக்க ஏழு மணிக்கு ஊரே நம் சேனலில்தான் இருந்தது என்றார். இதுவரை கேட்டதெல்லாம் சேனலுக்குக் கேட்டது, உனக்கென்று ஏதாவது கேள் என்றார். சம்பளத்தைக் கேட்பேன் என்று நினைத்திருப்பார். மேசை டிராயரைக்கூடத் திறந்துவைத்திருந்தார்.

எழுந்து நின்றேன். கை முதலில் காதுக்குப் பின்னால் போனது. அப்புறம்தான் குரல் வந்தது. பாய் ஹெட்போன் இல்லாமலேயே கேட்கிற அளவுக்கு வந்தது.

“நாளைலருந்து ஞாயித்துக்கெழமதோறும் இன்னொரு நாற்காலி போடணும் அண்ணாச்சி. கேமராவுக்குப் பின்னால இல்ல, எம் பக்கத்துல, எனக்குச் சமமா. அடியில சண்முகத்தாய்னு பேரும் வரணும். எங்கம்மா செய்தி சொல்லுவாங்க.”